சீனி இல்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று முதலாளி கேட்டபோது, தண்ணீர் மாற்றுவதையும் வடிகட்டி கழுவுவதையும் பற்றித்தான் எழுதுவேன் என்று அவர் நினைத்திருப்பார். அதெல்லாம் பின்னறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம். இந்த முதல் பந்தியை எழுதுவதற்குள் மூன்று தடவை கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "காலிலை சில்லுப் பூட்டினவள்" என்று என் கணவர் சும்மா சொல்வதில்லை. ஓய்வு பெற்றவள் ஓய்ந்திருக்க வேண்டுமென்று யார் சொன்னது?

உங்களுக்கு என்னைத் தெரியாது. லண்டன் இல்ஃபோர்டில் நீங்கள் நிற்கிற அதே கடையில், அதே ஆறு தொட்டிகளுக்கு நடுவில் பதினொரு வருடம் நின்றவள் நான். அதற்கு முன்னர் பெட்ரோல் நிலையம், பலசரக்குக் கடை, ஒரு பள்ளிக்கூடச் சமையலறை. கடைசியில் மனிதர்களின் காலை மீனுக்குக் கொடுக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். "இவ்வளவு காலமும் நாங்கள் மீன் திண்டனாங்கள், இப்ப மீன் எங்களைத் தின்னுது" என்று என் தம்பி போகிற வீடெல்லாம் சொல்லிச் சிரிப்பான். விளம்பரப் பலகையில் அதற்கு டொக்டர் மீன் என்று பெயர். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்ததோ தெரியாது. விரல் நீளம்கூட இல்லாத மண்ணிறக் குஞ்சு. அதற்குப் பல் கிடையாது. காலில் இருக்கிற செத்த தோலைக் கொறித்து எடுக்கும், அவ்வளவுதான்.

முதன்முதலாகத் தொட்டியில் கால் வைக்கிற எவரும் சும்மா இருப்பதில்லை. இதை நீங்கள் முதல் நாளே கண்டிருப்பீர்கள். நான் சேர்ந்த வாரம், எங்கள் கடைத்தொகுதியின் மேல்மாடிக் கடைகளுக்குக் காவல் நிற்கிற ஆறடி மனிதர் ஒருவர் பந்தயத்துக்காக வந்து உட்கார்ந்தார். மீன் வந்து தொட்டதுதான் தாமதம், குழந்தை மாதிரிக் கீச்சிட்டு இரண்டு காலையும் ஒரேயடியாக மேலே தூக்கினார். தண்ணீர் பாதியும் மீன் இரண்டும் தரையில். நான் முழங்காலில் நின்று மீனைப் பொறுக்கி விட்டேன். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கூச்சம் ஆளையும் பார்க்காது, வயதையும் பார்க்காது என்று அன்றைக்கு விளங்கியது. ஆனால் விளங்கியதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று விளங்கவில்லை. அதற்கு இன்னும் சில வருடங்கள் தேவைப்பட்டன.

அடுத்ததாக, கவுன்சிலில் இருந்து சோதிக்க வருகிற ஒரு பெண்மணி. பெயர் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. நான் இரண்டு மணித்தியாலம் தேய்த்துக் கழுவிய தொட்டிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கால் வைத்திருந்தவர்களின் முகத்தையே அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். போகும்போது என்னிடம் சொன்னார்: "உன் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது. மீனைப் பார்க்க உனக்குப் பிடித்திருக்கிறது, அது தெரிகிறது. இனி முகத்தைப் பார்க்கப் பழகு." நான் தலையை ஆட்டினேன். இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தலையாட்டுவது எங்களுக்குக் கைவந்த கலை.

இனித்தான் சொல்ல வந்த கதை. இருங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கலியாணப் பெண் ஒருத்தி தோழிகளோடு வந்தாள். மொத்தம் ஐந்து பெண்கள். அதில் இருவர் மாப்பிள்ளையின் தங்கைகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலியாணம். கூடவே பெண்ணின் தாயும் வந்திருந்தார். அவர் கால் வைக்க வரவில்லை, பைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தார். ஆனால் ஆறாவது தொட்டி சும்மா கிடந்தது. "அம்மா, நீங்களும் வையுங்கோ, நெடுகலும் நிண்டுகொண்டே இருக்கிறியள்" என்று மகள் பிடித்து இழுத்தாள். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நல்ல முகம். கதிரை நுனியில், எந்த நேரமும் எழும்பத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில் வந்தவர்களுக்கு நாங்கள் தேநீர் கொடுப்போம், தொட்டிக்கு முன்னர் படிவமும் நிரப்புவோம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் நேரம் மிச்சம் என்பது என் கெட்டித்தனம். ஒரு கையில் தட்டம், அதில் கோப்பைகள், நடுவில் சீனிப் பேணி. மற்றக் கையில் படிவம். பெண்பிள்ளைகள் தாங்களே ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாயிடம் நான் தமிழில் கேட்டேன்.

"அக்கா, வருத்தம் ஏதும் இருக்கோ?"

"ஒண்டுமில்லைத் தங்கச்சி."

"காலிலை காயம், புண்?"

"இல்லை."

"சீனி?"

"சீனி இல்லை."

இல்லை என்ற கட்டத்தில் சரி போட்டேன். அவர் தட்டத்தில் இருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். சீனிப் பேணியைத் தொடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்து காலைப் பார்க்க வேண்டும். மேற்பக்கமும் பார்க்க வேண்டும், அடியும் பார்க்க வேண்டும், அது கடைச் சட்டம். நான் குனிந்ததும் அவர் பதறிப்போய்க் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "ஐயோ, என்ரை காலைத் தொடாதையுங்கோ தங்கச்சி, எனக்குப் பாவம் வரும்" என்றார். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. பெரியவர் ஒருவரின் காலை நாங்கள் தொட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், அவர் எங்களை ஆசீர்வதிக்க வேண்டும். உள்ளங்காலை இன்னொருவர் முகத்துக்கு நேரே நீட்டுவதென்றால் அவருக்கு அது மரியாதை இல்லை. வெள்ளைக்காரி என்றால் இரண்டு காலையும் என் மடியிலேயே போட்டிருப்பாள். நானும் வற்புறுத்தவில்லை. மேற்பக்கத்தைப் பார்த்தேன், மகள் பூசிவிட்ட நகப்பூச்சு வடிவாக இருந்தது. கழுவுகிற இடத்தில் தானே கழுவிக்கொண்டு வந்தார். அடியைப் பார்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அன்று காலை விட்டது அவர், ஆழம் தெரியாதவள் நான்.

ஆறு பேரும் ஒன்றாகத் தொட்டியில் கால் வைத்தார்கள். ஐந்து பேர் போட்ட சத்தத்தில் கீழ்மாடியில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தாய் மட்டும் அமைதியாக இருந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

"அம்மா, உங்களுக்குக் கூசேல்லையோ?"

"எனக்கு ஒண்டும் கூசேல்லை. நீங்கள்தான் சும்மா கத்துறியள்."

"அம்மா ஸ்ட்ரோங்!" என்றாள் ஒரு தோழி. நானும் சும்மா இருந்தேனா? "அக்காவுக்குக் கூச்சம் எண்டதே இல்லை!" என்றேன். கூச்சம் என்றால் எங்கள் மொழியில் வெட்கமும்தானே. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பெருமையாகவே. நுணலும் தன் வாயால் கெடும். அந்த ஒரு வசனத்துக்காக என் வாயில் நானே எத்தனை தடவை அடித்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

பாதி நேரம் போயிருக்கும். வெற்றுக் கோப்பைகளை எடுக்கப் போனபோதுதான் அவருடைய தொட்டியைப் பார்த்தேன். வலது காலில் மீன்கள் பரவலாக மேய்ந்துகொண்டிருந்தன. இடது காலில் அப்படி இல்லை. சின்ன விரலுக்கு அடியில் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறி மொய்த்துக்கொண்டிருந்தன. அதே இடத்தில் யாராவது தேய்த்தால்கூட உணரமாட்டார் போல, அவர் அசையாமல் மாப்பிள்ளையின் தங்கையோடு பூமாலைக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். என் கையில் தட்டம். தட்டத்தில் சீனிப் பேணி. அப்போதுதான் என் மண்டைக்குள் அந்த இரண்டு சொல்லும் மாறி விழுந்தன. சீனி இல்லை. அவர் தேநீருக்குச் சொல்லியிருக்கிறார்!

சீனி வேண்டாம் என்று சொல்கிறவருக்கு எங்கள் ஆட்களில் பெரும்பாலும் என்ன இருக்கும்? சீனி வருத்தம்தான், நீரிழிவு. அவர் தன் வாயாலேயே எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்டு இல்லை என்று எழுதினேன். கூசவில்லை என்று சொன்னது தைரியமே இல்லை. காலில் நரம்பு செத்துப்போயிருந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது நான் கண்டுபிடித்ததை அல்ல, கண்டுபிடித்த பிறகு நான் செய்ததை. ஒன்றும் செய்யவில்லை. நேரத்தைப் பார்த்தேன், நேரம் முடிந்து மணியடிக்க இன்னும் ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால், "அக்கா, காலை எடுங்கோ, உங்களுக்குச் சீனி வருத்தமோ?" என்று கேட்டால் அவருக்கு முகம் எப்படியாகும்? ஐந்து நிமிடத்தில் என்ன குடி முழுகப் போகிறது என்று எனக்கு நானே சொன்னேன். நான் எதற்கும் பொறுமை இல்லாதவள். இஸ்திரிப்பெட்டி சூடாகும் வரைக்கும் நிற்கமாட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பொறுமையாக நின்றேன், அது அன்றைக்கு.

மணி அடித்தது. துவாயோடு அவர் காலடியில் போய் இருந்தேன், இந்தத் தடவை கேட்காமலே காலைத் திருப்பினேன். சின்ன விரலுக்கு அடியில் ஒரு வெடிப்பு, அரை அங்குலம் இருக்கும். ஓரம் வெள்ளையாக ஊறியிருந்தது. உள்ளே சிவப்பு.

"அக்கா, இது எப்ப வந்தது?"

"எது?" என்று எட்டிப் பார்த்தார். "ஓ, புதுச் செருப்புக் கடிச்சிருக்கும்."

துடைத்து, மருந்து பூசி, பிளாஸ்டர் ஒட்டினேன். "கட்டாயம் டொக்டரிட்டைக் காட்டுங்கோ அக்கா. இண்டைக்கே காட்டினால் நல்லது" என்று காதோடு சொன்னேன். "ஓம் ஓம்" என்றார்.

லண்டனில் பிறந்த பிள்ளைகள் நீங்கள், இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஓம் என்றால் சம்மதம். ஓம் ஓம் என்று இரண்டு தடவை சொன்னால், "கேட்டுவிட்டேன், இனி விடு" என்று அர்த்தம். எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினேன்.

முதலாளியிடம் அன்றே சொன்னேன். கெட்ட மனிதர் அல்ல, அந்தத் தொட்டியை உடனே மூடிவிட்டார். ஆனால் பயந்துபோனார். "அக்கா, நீங்கள் அவைக்குப் போன் கீன் எடுத்துப்போடாதையுங்கோ. எடுத்தால் பிழையை நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. அவ ஒண்டும் சொல்லேல்லைத்தானே?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படிவத்தில் சரி போட்டது என் கை. வேலை போனால் போகட்டும் என்று அன்று நான் வீரம் பேசவில்லை. எனக்கு நன்றாகவே பயமாக இருந்தது.

மாலை முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். சமையலறையில் இருந்து முன்னறைக்கு, முன்னறையில் இருந்து சமையலறைக்கு. "உன்ரை நடைக்கு மீற்றர் பூட்டினால் நாங்கள் பணக்காரர்" என்று கணவர் சொன்னார். ஞாயிறு காலை பொறுக்கவில்லை, கடையில் இருந்து கொண்டுவந்திருந்த படிவத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மகள்தான் பேசினாள். "அம்மாவோ? அம்மா ஓகே அன்ரி. விடியவே எழும்பிப் பலகாரம் சுடுறா."

பலகாரம் சுடுகிறார் என்றால் அடுப்படியில் நிற்கிறார் என்று அர்த்தம். காலையில் இருந்து, வெறுங்காலோடு, அந்தக் காலோடு. படிவத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அதில் இருந்த விலாசத்துக்கு, ஃபாரஸ்ட் கேட்டுக்கு பஸ் எடுத்தேன். பஸ்ஸிலும் நான் உட்காரவில்லை.

வாசலிலேயே எண்ணெய் மணத்தது. முன்னறையில் பெண்கள் வட்டமாக இருந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம். "வாங்கோ தங்கச்சி, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றார். அடுப்படித் தரையில் வெறுங்கால். பிளாஸ்டர் எங்கோ கழன்று போயிருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கினேன்.

"அக்கா, ஒளிக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?"

"கொஞ்சம் இருக்குது. குளிசை போடுறன். அது என்ன பெரிய வருத்தமே? இந்த வீட்டிலை ஆருக்கு இல்லை?"

"நேற்றுக் கேட்டனான். இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"எப்ப கேட்டனீங்கள்? தேத்தண்ணிக்கு எல்லோ கேட்டனீங்கள்!"

வேறு நேரமென்றால் இருவரும் சிரித்திருப்போம். நான் அவருடைய காலைப் பார்க்க வேண்டும் என்றேன். முடியாது என்றார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். "உங்களுக்கு விசரோ? கலியாணத்துக்கு ஏழு நாள்தான் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவங்கள் மறிச்சு வைச்சிடுவாங்கள். கலியாணம் முடியட்டும், போறன். ஓம் ஓம், கட்டாயம் போறன்" என்றார். மறுபடியும் அந்த இரட்டை ஓம். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி அடுப்படிக்குப் போகப் புறப்பட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. யோசித்துச் செய்ததில்லை. அப்படியே தரையில் விழுந்து அவர் காலைக் கும்பிட்டேன்.

எங்கள் ஆட்கள் காலில் விழுந்தவரைத் தாண்டிப் போகமாட்டார்கள். கால் தானாகவே நின்றுவிடும், கை தானாகவே தலைக்கு மேல் வந்துவிடும். அவர் பதறிப்போய், "ஐயோ, என்ன இது, எழும்புங்கோ, நல்லா இருங்கோ" என்று என் தலையைத் தொட்டார். நான் எழும்பவில்லை. இரண்டு கையாலும் அந்த இடது காலைப் பிடித்துக்கொண்டேன். கொதித்தது. பாதம் வீங்கி, சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. சின்ன விரலின் நிறம் மாறியிருந்தது. நான் அழுத்திப் பிடித்திருந்தேன், அவருக்கு நோகவேயில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது.

"அம்மா, என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொண்டு மகள் அங்கே வந்து நின்றாள். நான் தரையில் இருந்தபடியே அவளுக்குக் காலைக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் பலகாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்ட இடமெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மீன், தண்ணீர், ஐந்து நிமிடம், தேநீர், எல்லாம். படிவத்தையும் எடுத்துக் கொடுத்தேன். தாதி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த நாள் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் விரலோடு நின்றிருக்காது என்றார் டொக்டர். புண் செருப்பால் வந்தது, எங்கள் கடைக்கு வருவதற்கு முந்தியே இருந்திருக்கிறது. கிருமி எங்கிருந்து வந்தது, எங்கள் தண்ணீரிலா, அவர்கள் வீட்டுத் தரையிலா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்த ஐந்து நிமிடம்தான் காரணமா, இல்லையா? அது எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. இப்போதும் இடையில் எழும்பி நடக்கிறேன் என்றால் அதற்காகத்தான்.

கலியாணத்துக்கு ஆஸ்பத்திரியில் சில மணித்தியாலம் விடுமுறை கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் மணவறைக்குப் பக்கத்தில் இருந்தாராம். மணமக்கள் காலில் விழுந்தபோது, "வலது காலைத் தொடுங்கோ பிள்ளையள், மற்றதை விடுங்கோ" என்றாராம். மகள் என்னோடு ஒரே ஒரு தடவை பேசினாள். "அன்ரி, நீங்கள் கடையிலையே சொல்லியிருந்தால்?" என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்டது சரி.

முதலாளி பத்து நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் கேத்திலைக் கொண்டுவந்து வாசலுக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்கள் இன்று செய்கிற முறை அப்படித்தான் வந்தது. முதலில் தேநீர். "எத்தினை கரண்டி சீனி?" என்று கேளுங்கள், மறுமொழியைக் கேளுங்கள். தேநீர் குடித்து முடித்த பிறகுதான் படிவம். சீனி வேண்டாம் என்றவரிடம் படிவத்தில் இருக்கிற கேள்வியை இன்னொரு தடவை, வேறு சொல்லில் கேளுங்கள். தரையில் கிடக்கிற அந்தக் கண்ணாடி என்ன வேலைக்கு என்று உங்களில் பலர் யோசித்திருப்பீர்கள். காலைத் தொடவிடாத பெரியவர்களுக்காக நான் வாங்கிப் போட்டது. கண்ணாடிக்கு மேலே காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் உள்ளங்கால் தெரியும், ஒருவருக்கும் பாவமும் வராது. பிறகு கால் வைக்கும்போது முகத்தைப் பாருங்கள். கூசாதவரை வெளியே எடுங்கள். மணியடிக்கும் வரைக்கும் நிற்காதீர்கள், யார் வீட்டுப் பெண்கள் பக்கத்தில் இருந்தாலும் சரி.

இத்தோடு முடித்திருப்பேன். முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் போன மாதம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் சொன்னது பொய்யாகிவிடும்.

போன மாதம் என் காலைச் சோதித்தார்கள். தாதி என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலோன் நூலால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். உணரும்போது சொல்ல வேண்டும். இடது காலில் மூன்று இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சீனி வருத்தம் வந்து நாலு வருடம். குளிசை போடுகிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவள். நூலில்தான் ஏதோ பிழை என்று எனக்குப் பட்டது. நூலுக்கு என்ன தெரியும்? பதினொரு வருடம் பார்த்த மீனுக்குத் தெரியும். பஸ் ஏறி நேரே கடைக்கு வந்தேன்.

முதலாளி இல்லை. உங்களில் ஒருத்தி நின்றாள். பெயர் சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். என்னை அவளுக்குத் தெரியாது.

"அன்ரி, தேத்தண்ணிக்குச் சீனி எத்தினை?"

"ரெண்டு கரண்டி" என்றேன். இரண்டு கரண்டியும் போட்டுக் கொண்டுவந்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு சீனித் தேநீர், வாயெல்லாம் கசந்தது. முழுக்கக் குடித்தேன். படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கண்ணாடிக்கு மேலே காலைப் பிடித்தேன், உள்ளங்கால் சுத்தமாக இருந்தது. நான் கண்டுபிடித்த வழிகள் ஒவ்வொன்றையும் நானே தாண்டி வந்தேன், இந்த வயதில் வெட்கமில்லாமல். இனி ஒன்றுதான் மிச்சம், முகம். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, சொல்லிக்கொடுத்தபடி செய்கிறாள் என்று நினைத்தேன்.

காலைத் தண்ணீருக்குள் விட்டேன். விட்டதும் கீச்சிட்டுச் சிரித்தேன். தோளைக் குலுக்கி, கதிரைக் கையைப் பிடித்து, "ஐயோ கூசுது, ஐயோ கூசுது" என்று பக்கத்துத் தொட்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தேன்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. என் முகத்தை விட்டுவிட்டுக் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"அன்ரி, மீன் இன்னும் வரேல்லை. அங்கை பாருங்கோ, எல்லாம் அந்த மூலையிலைதான் நிக்குது. காலை எடுங்கோ."

ஒரு நிமிடம்கூட அவள் யோசிக்கவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அதைப் பார்க்கவில்லை. நான் காலை எடுத்தேன். அவள் துவாயோடு முன்னால் வந்து இருந்து, கேட்காமலே என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தக் கை என் காலில் எங்கே படுகிறது என்று எனக்குப் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

"அன்ரி, உங்களுக்குச் சீனி இருக்கோ?"

"ஓம்" என்றேன். ஒரே ஒரு ஓம்.